ஓரம் கொஞ்சம் சாஃப்ட்

"புது லென்ஸ் எப்படி அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான். "விலைக்குத் தங்கம். ஓரம் மட்டும் கொஞ்சம் சாஃப்ட்." தென்காசியில் தொழில் செய்கிற ஏழெட்டுப் பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன். அவர்களில் இரண்டு பேர் என் பேச்சை நம்பி அதே லென்ஸை வாங்கவும் செய்தார்கள்.

ஓரம் சாஃப்ட் என்றது பொய். எஃப் 8இல் வைத்து எடுத்த படத்தில், வலது ஓரத்தின் கடைசி அங்குலத்தில், சேலை ஒன்றை விரித்துப் பிடித்திருக்கும் கைகளில் எத்தனை வளையல் என்று எண்ணலாம். நான் எண்ணியிருக்கிறேன். அதனால்தான் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

கல்யாண போட்டோகிராபர் நான். இருபத்திரண்டு வருஷமாக இதில்தான் சோறு. ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது. கேமராப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றிப் போடுவதும், ஆல்பம் பாக்கிக்கு அலைவதுமாக மாதம் கழியும். அதே ஆடியில்தான் பக்கத்தில் குற்றாலத்துக்கு சீசன். ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைந்து வருகிற காற்று, சாரலைத் தூவிக்கொண்டே வந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நனைக்கும். லாட்ஜ்காரர், நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மங்குஸ்தான் கூறுகட்டி விற்கிறவர் எல்லோருக்கும் அறுவடை. கேமரா வைத்திருக்கிறவனுக்கு மட்டும் பட்டினி. அருவிக்கரையில் நின்று குடும்பம் குடும்பமாகப் படமெடுத்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள் ஒரு காலத்தில் உண்டு. செல்போன் வந்தது, அவர்கள் போனார்கள்.

2024 ஆடியில், இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த எரிச்சலில்தான் ஃபிஷ்ஐ லென்ஸ் வாங்கினேன். மண்டபம் முழுவதையும், மேடை, பந்தி, தொங்குகிற விளக்கு எல்லாமாக, ஒரே படத்தில் வளைத்துப் பிடித்துத் தரும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பெண்வீட்டார் அந்த மாதிரிப் படத்தைச் செல்போனில் காட்டி "இதுபோல ஒண்ணு" என்று கேட்கிறார்கள். பெரிய கம்பெனி ஃபிஷ்ஐ என்றால் லட்சத்தை ஒட்டி நிற்கும். ஒரு காலத்தில் மலிவாக வேண்டுமென்றால் பெலாரஸிலிருந்து வந்த பெலெங் 8 எம்எம், பிறகு கொரியாவின் சம்யாங். இப்போது சீனாக்காரர்கள்: 7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன், மெய்க்கே என்று வரிசையாக. உள்ளே ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கேமராவோடு பேச மின்தொடர்பு கிடையாது, வெறும் கண்ணாடியும் உலோகமும். அதனால்தான் அந்த விலை. என்னுடையது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, குற்றம் அதன்மேல் இல்லை.

பெட்டியைப் பிரித்த முதல் மணிநேரத்திலேயே ஒரு சின்ன அசிங்கம் நடந்தது. லென்ஸை மாட்டி ஷட்டரை அமுக்கினால் கேமரா எடுக்க மாட்டேன் என்கிறது. விற்றவருக்கு உடனே போன் போட்டு, "டூப்ளிகேட்ட அனுப்பி ஏமாத்துதீங்களா?" என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெனுவில லென்ஸ் இல்லாம ஷட்டர் விடுறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத ஆன் பண்ணுங்க சார்" என்றார். மின்தொடர்பு இல்லாத லென்ஸை மாட்டினால், லென்ஸே மாட்டவில்லை என்றுதான் கேமரா நினைத்துக்கொள்ளும். ஆன் பண்ணினேன், எடுத்தது. மன்னிப்புக் கேட்கப் போன் செய்யவில்லை. இந்தக் கட்டுரையில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பொருள் நன்றாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற உருவம், கால் கிலோவுக்குச் சற்று மேலே கனம். முன்கண்ணாடி நுங்கு மாதிரி பிதுங்கி நிற்கும். அதன்மேல் ஃபில்டர் மாட்ட வழியில்லை. ஃபோகஸ் ரிங் வெண்ணெய்போல் திரும்பியது. கேமராவுக்கு லென்ஸைத் தெரியாததால் படத்தின் விவரக் குறிப்பில் லென்ஸ் பெயரும் வராது, அப்பர்ச்சர் எண்ணும் வராது. யார் எதைக்கொண்டு எடுத்தது என்பதற்குச் சாட்சி இல்லாத படம்.

மொட்டை மாடியில் எடுத்துப் பார்த்த முதல் அறுபது படங்களும் மசமசவென்று இருந்தன. சாரல்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழில் பழகியதே நிக்கான் எஃப்எம்10இல், ஃபிலிம் போட்டு, கையால் ஃபோகஸ் திருப்பித்தான். ஆட்டோ ஃபோகஸ் வந்து அந்தக் கையை மறக்கடித்துவிட்டது. ரிங்கை முடிவிலிக் குறியில் வைத்துவிட்டு, அப்பர்ச்சரை எஃப் 2.8இல் முழுக்கத் திறந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மலிவு லென்ஸில் குறி ஓரிடத்திலும் நிஜமான முடிவிலி சற்று முன்னாலும் இருப்பது சகஜம். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7.5 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 8 வைத்து, ஃபோகஸை ஓர் அடிக்குக் கொஞ்சம் அதிகமாக நிறுத்திவிட்டால், அரையடிக்குச் சற்று மேலிருந்து மலையுச்சி வரைக்கும் எல்லாம் ஷார்ப். அதன்பின் ரிங்கைத் தொடவே வேண்டாம். ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி நிறுத்திவிட்டேன். மேனுவல் ஃபோகஸ் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இந்த ரகத்தில் ஃபோகஸ் செய்வதற்கு ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

சாதாரண அகல லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாக வைக்கப் பாடுபடும். அதற்கு விலையாக ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். குரூப் போட்டோவில் கடைசியில் நிற்கும் அத்தை மட்டும் பருமனாகி நம்மைத் திட்டுவது இதனால்தான். அந்த வழியிலேயே போனால் 180 டிகிரியைப் பிடிக்கவே முடியாது, ஓரம் முடிவில்லாமல் இழுபட்டுக்கொண்டே போகும். ஃபிஷ்ஐ நேர்கோட்டைக் கைவிட்டுவிடுகிறது. நடுவழியாகப் போகும் கோட்டைத் தவிர மற்றதெல்லாம் வளையட்டும் என்று விட்டுவிடுகிறது. கேமராவைக் கவிழ்த்தால் அடிவானம் உருண்டை பூமிபோல் மேலே புடைக்கும், நிமிர்த்தினால் சட்டிபோல் கீழே தொய்யும். மூலைக்கு மூலை 180 டிகிரி. அகலவாக்கில் அதைவிடக் குறைவு, ஆனாலும் 140க்கு மேல். எடுக்கிறவனின் செருப்பு, ட்ரைபாட் கால், லென்ஸைப் பிடித்த விரல், தொப்பை இருந்தால் தொப்பை, எல்லாம் விழும். முதல் நாள் மாடிப் படங்களில் பாதியில் என் பெருவிரல் இருந்தது. அதாவது, நான் பார்க்காததையும் இது பார்க்கும் என்று குற்றாலத்து ஐந்தருவிக்குப் படமெடுக்கப் போகுமுன்பே எனக்குத் தெரியும். இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் நான் சொன்ன சமாதானம் எல்லாம் "தெரியாமல் விழுந்துவிட்டது" என்பதில்தான் நின்றது.

மீன்விழி என்றால் நமக்குக் கயல்விழி, மீனாட்சி. இந்த லென்ஸுக்குப் பெயர் வைத்தவர் அழகைப் பற்றி யோசிக்கவில்லை. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1906இல், தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்று பார்க்க, வாளியில் தண்ணீர் நிரப்பி, அடியில் போட்டோத் தட்டை வைத்துப் படமெடுத்தார். வெளியிலிருந்து எல்லாப் பக்கத்து வெளிச்சமும் தண்ணீருக்குள் மடங்கி, சுமார் 97 டிகிரிக் கூம்புக்குள் வந்துவிடும். மீனின் தலைக்குமேல் ஒரு வட்ட ஜன்னல், அதற்குள் முழு உலகம். கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. சின்ன வயதில் முங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தால் கிணற்று விளிம்பு, பம்புசெட் குழாய், எட்டிப் பார்க்கிற தலைகள் எல்லாம் ஒரு தாம்பாளத்துக்குள் இருக்கும். நம்மை அவர்கள் சரியாகப் பார்க்க முடியாது, நாம் அவர்களை நன்றாகப் பார்க்கலாம். அந்தக் குஷி எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

1924இல் ராபின் ஹில் என்பவர் வடிவமைத்து லண்டன் பெக் கம்பெனி செய்து விற்றது மேகம் பார்க்கிற லென்ஸ். முழு வானத்தையும் ஒரே தட்டில் எடுப்பதற்கு. அண்ணாந்து பார்க்கப் பிறந்த சாமான் இது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்தருவிக்குப் போனேன். பேரருவிக் கூட்டத்தைத் தாண்டி, வெண்ணமடைக் குளத்துப் படகுத் துறையைத் தாண்டிப் போகும்போதே இரைச்சல் கேட்டது. நல்ல தண்ணீர். திரிகூட மலையிலிருந்து இறங்குகிற நீர் அந்தப் பாறையில் பிரிந்து ஐந்தாக விழும். சில ஆடியில் இரண்டுதான் விழும், மற்றவை பாறையில் கசியும். அன்று ஐந்தும் விழுந்தன. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் கம்பி. போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. குரங்கொன்று யாருடைய ஷாம்பு பாக்கெட்டையோ பிய்த்துக்கொண்டிருந்தது. அருவியில் ஷாம்பு போடக்கூடாது என்று தடை, அதற்கு அது கவலைப்படவில்லை.

கேமராவுக்குப் பாலிதீன் உறை போட்டிருந்தேன். முன்கண்ணாடிக்கு என்ன போடுவது? சாரல் நேராக நுங்கின்மேல். ஒரு படம், ஒரு துடைப்பு. பனியன் துணி, வேட்டி நுனி, கடைசியில் உள்ளங்கை. ஆண்கள் பக்கம் தலைதலையாக இருந்தது. எதிரே இருப்பவரின் எண்ணெய் வழிகிற முதுகைத்தவிர ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் கேமராவைத் தலைக்குமேல் தூக்கிக் குத்துமதிப்பாக எடுத்தேன். தரையிலிருந்து ஏழரை அடி உயரம் இருக்கும். பதினாலு படம். அதில் ஒன்று விழுந்தது.

அந்த ஒன்றைப் பற்றிப் பெருமை பேசாமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஐந்து அருவியும் ஒரு கையின் ஐந்து விரல்போல உள்நோக்கி வளைந்து, கீழே குவிந்திருந்த தலைகளை அள்ளப் போவதுபோல் இறங்கின. மேலே மரக்கிளைகளுக்கு நடுவே வானம் சின்ன வட்டமாக. நடுவே போன கம்பி மட்டும் வளையாமல் நேராக. இருபத்திரண்டு வருஷத்தில் நான் எடுத்த படங்களில் காசு வாங்காமல் எடுத்த நல்ல படம் அது ஒன்றுதான்.

இரவு கம்ப்யூட்டரில் போட்டு நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். இடது மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாக நகர்த்திப் பார்ப்பது வழக்கம், தூசி இருக்கிறதா, ஷார்ப்பாக இருக்கிறதா என்று. வலது ஓரத்துக்கு வந்தபோது கை நின்றது. பெண்கள் பக்கம், சுவரோரம், வயதான ஒரு அம்மா அரக்குச் சேலையை இரண்டு கையாலும் விரித்து உயர்த்திப் பிடித்திருக்கிறார். ஆண்கள் பக்கத்துக்குக் குறுக்காக, ஆண்களின் கண் உயரத்தை மறைக்கும்படி கணக்காகப் பிடித்த திரை. அதற்குப் பின்னால் இன்னொருத்தி உடை மாற்றுகிறாள். கண்ணுக்கு அந்தத் திரை போதும். ஏழரை அடி உயரத்தில் இருந்த லென்ஸுக்குப் போதவில்லை.

அதற்குமேல் விவரிக்கப்போவதில்லை.

வெட்டியிருக்கலாம். வெட்டினால் ஐந்தாவது அருவியில் பாதி போய்விடும், நடுக்கம்பி நடுவில் இருக்காது. சரி, அழித்திருக்கலாம். முகூர்த்த நாளில் மணமகள் கன்னத்துப் பருவை நிமிஷத்துக்கு ஒன்றாக அழித்துப் பாறைபோல வழவழப்பாக்குகிறவன் நான். அந்த இடத்தில் நாலு கை பாறையை இழுத்து ஒட்ட எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது. ஒட்டவில்லை. "தொடாத படம், கேமராவில் எப்படி வந்ததோ அப்படியே" என்று சொல்லிக்கொள்ள ஆசை. பச்சையும் வெள்ளையுமான படத்தில் சூடாக இருந்த ஒரே நிறம் அந்த அரக்குதான் என்று ஒரு தொழில் நியாயமும் கைவசம் இருந்தது. கண் சுற்றிவந்து அங்கேதான் உட்காரும், உண்மை. ஆனால் சேலையை விட்டுவிட்டுப் பின்னால் இருந்ததை மட்டும் மறைத்திருக்கலாமே என்று யாரும் கேட்டால் பதில் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அன்றிரவு அந்த ஓரத்தை நான் ஒருமுறை பார்த்துவிட்டு நகரவில்லை. நாலைந்து முறை போய்ப் பார்த்தேன். பதினாலு படத்திலும் அதே ஓரத்துக்குப் போனேன். வளையலை எண்ணியது அப்போதுதான். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அதற்காகவே அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லமாட்டேன், தேர்ந்தெடுத்த படத்தில் அது இருந்தது. இந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் இதுவும் பொய் மாதிரிதான் இருக்கிறது.

நெல்லைக்கு அனுப்பி ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ் அடித்து வாங்கி, ஸ்டூடியோ வரவேற்பறைச் சுவர் முழுக்க மாட்டினேன். வந்தவர்களெல்லாம் நடுவில் நின்று வாயைப் பிளந்தார்கள். தொழில் சேக்காளிகள் லென்ஸைப் பற்றி விசாரித்தார்கள். அப்போதுதான் "ஓரம் கொஞ்சம் சாஃப்ட்" பிறந்தது. யாரும் ஓரத்துக்குப் போய்ப் பார்க்கக்கூடாது என்று முந்திக்கொண்டு சொன்னது. லென்ஸுக்கு நிஜமான குறைகள் இருந்தன. வெயில் நேராக விழுந்தால் பச்சைப் புள்ளிகள் வரும், மரக்கிளை வானத்தைத் தொடும் இடத்தில் ஊதாக் கரை தெரியும், தகர மூடி தானாகக் கழன்று விழும். அவற்றைச் சொல்லாமல், இல்லாத குறையைச் சொல்லி அதன் பெயரைக் கெடுத்தேன்.

மூன்று வாரம் தொங்கியது. முதியோர் உதவித்தொகை மனுவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஒரு அம்மா வந்தார். எழுபது இருக்கும். பிரிண்ட் வரும்வரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, படத்தருகே போய் நின்றார்.

"ஏய்யா, இது ஐந்தருவிதான?"

"ஆமாம்மா. நான் எடுத்ததுதான்."

"நல்லாருக்கு. தண்ணி வுழுத சத்தமே கேக்குது." மெதுவாக நகர்ந்து வலது ஓரத்துக்குப் போனார். மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இந்தா, சேலையப் பிடிச்சிக்கிட்டு நிக்காளே, இவ யாரு?"

"தெரியலம்மா. வெளியூர்க்காரங்களா இருக்கும்."

"எதுக்குப் பிடிச்சிருக்கான்னு தெரியுதுல்லா?"

"அந்த லென்ஸ் அப்படிம்மா. சுத்தி இருக்குறது எல்லாத்தையும் இழுத்துக்கும். நாம ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகவெல்லாம் இல்லை. "நானும் பிடிச்சிருக்கேன்யா, எத்தன தடவ. மகளுக்கு, மருமகளுக்கு. கை கடுக்கும்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "போட்டோ எப்பத் தருவ?" என்று கேட்டார். கொடுத்தேன். காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். வாங்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அன்றே கழற்றியிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? மேக்கப் ரூமில் இருந்த பிளாஸ்டிக் குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கிவந்து வலது ஓரத்தை மறைத்து வைத்தேன். மேலும் இரண்டு நாள் தொங்கியது. பிறகு கழற்றினேன். ஏன் என்று கேட்ட மனைவியிடம், வெயிலில் கலர் போகிறது என்றேன். ஓரத்தைக் கத்தரித்து எரித்துவிட்டு மிச்சத்தைச் சுருட்டிப் பரணில் போட்டேன். இப்போது அது விறகுக்கு மேல் மழைத் தார்ப்பாய், படம் கீழ்நோக்கி.

இதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 2013இல் சேர்த்த 354சி. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 77. மறைவில் இருப்பதாக நம்பும் பெண்ணைப் பார்ப்பது, படமெடுப்பது மட்டுமல்ல, அந்தப் படத்தைப் பரப்புவதும் அதில் வரும். எடுத்தது தற்செயல் என்று ஒருவேளை வாதாடலாம். ஆறடிக்கு நாலடி தற்செயலாக அடிக்க முடியாது. எழுத உட்கார்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

ஃபைலை அழிக்கவில்லை. இதே மாதிரி இன்னொரு படம் எடுத்துவிட்டு, அப்புறம் அழித்துவிடலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்தேன். ஆவணியில் முகூர்த்த வேலை, புரட்டாசியில் அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது. கார்த்திகைக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டியது. போனால், ஐந்து என்ற கணக்கே இல்லை. எல்லாம் ஒன்றாகிச் செம்மண் நிறத்தில் ஒரே சுவராக இறங்குகிறது. குளிக்கத் தடை. அந்த வருஷம் மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனைக் கொண்டுபோன பிறகு, தடை என்றால் நான் வாக்குவாதம் செய்வதில்லை. வெள்ளம் வடிந்து ஐந்தும் பிரிந்த நாளில் மறுபடி போனேன். தடை எடுக்கவில்லை. தடுப்புக்கு வெளியே நின்று எடுத்தேன். ஃபிஷ்ஐயில் பத்தடி பின்னால் போனால் மலை மடுவாகிவிடும். ஐந்து அருவியும் ஐந்து வெள்ளை நூலாகத் தொலைவில் கிடந்தன. முன்னால் ஏக்கர் கணக்கில் ஈரத்தரை. ஆள் இல்லை, திரை பிடிக்க யாருக்கும் அவசியமில்லை. படம் சப்பென்று இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதுதான் படம். அதனால் அதை இன்னும் வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் அந்த அம்மா மறுபடி வந்தார். மனு திரும்பிவிட்டதாம், இன்னும் நாலு காப்பி வேண்டுமாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தவுடன் நான் எழுந்து டார்க்ரூமுக்குள் போய்விட்டேன். ஃபிலிம் போன பிறகு பழைய ஃப்ரேமும் துடைப்பமும் வைக்கிற இடம் அது. கடைப் பையனிடம் உள்ளிருந்தே சொல்லிக் காப்பி எடுத்துக் கொடுக்க வைத்தேன். அவர் "அண்ணாச்சி இல்லியா?" என்று கேட்பதும், "வெளிய போயிருக்காங்க பாட்டி" என்று பையன் சொல்வதும் கேட்டது. அவர் போன சத்தம் கேட்டு ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தேன். என் கடையில், என் சுவருக்குப் பின்னால், துடைப்பத்தோடு நின்றிருக்கிறேன். அன்று மத்தியானம் கம்ப்யூட்டரிலிருந்தும், வெளி ஹார்டு டிஸ்கிலிருந்தும், மெமரி கார்டிலிருந்தும் பதினாலு படத்தையும் அழித்தேன்.

அழித்து முடித்தபிறகுதான் ஃப்ளெக்ஸ் அடித்த இடம் ஞாபகம் வந்தது. அவர்களிடம் ஃபைல் இருக்குமே.

பஸ் ஏறி நெல்லை போனேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அதுதான். கேன்வாஸில் ஒன்று, மேட் தாளில் ஒன்று, கிளாஸி வினைலில் ஒன்று, ஏ3 அளவில் வரிசையாக, வாடிக்கையாளருக்கு மாதிரி காட்ட. வலது ஓரம் முழுசாக.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு இருபது வயது இருக்கும். என்னைப் பார்த்து எழுந்தான். "வாங்க அண்ணாச்சி! உங்க படந்தான் இங்க ஹிட்டு. எங்க மிஷின் ஷார்ப்னஸ் காட்டணும்னா இதத்தான் காட்டுதோம். கடைசி ஓரம் வரைக்கும் என்னமா நிக்குது பாருங்க."

மூன்றையும் கழற்றச் சொன்னேன். ஃபைலையும் அழிக்கச் சொன்னேன்.

"ஏன் அண்ணாச்சி?"

காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் மானிட்டரில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். சொன்னால் அடுத்த நிமிஷம் அந்த ஓரத்தைப் பெரிதாக்குவான். இருபது வயதில் நானும் பெரிதாக்கியிருப்பேன். நாற்பத்தேழிலும் பெரிதாக்கினேன்.

"காப்பிரைட் பிரச்சினை தம்பி."

அவன் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "காப்பிரைட்டா? நீங்கதான அண்ணாச்சி எடுத்தீய?"